கை வந்தால் விழிக்கும் மௌஸ்

பேட்டரி அற்ப ஆயுசில் தீர்ந்துபோன மௌஸைத் திறந்து பார்த்து, அது ஏன் செத்தது என்று கண்டுபிடித்துச் சொல்வதுதான் என் பிழைப்பு. நீங்கள் என்றைக்காவது கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, நகராத அம்புக்குறியை முறைத்துப் பார்த்து, மௌஸைத் தட்டி, உதறி, ஊதி, கடைசியில் அதன் பரம்பரையையே திட்டியிருக்கிறீர்களா? அப்படியானால் நீங்களும் நம்ம ஆள்தான். பக்கத்தில் வந்து உட்காருங்கள், சொல்கிறேன்.

மலேசியாவின் ஜொகூரில் எங்கள் தொழிற்சாலை செய்வது வயர் இல்லாத மௌஸ். அதன் முதுகுக்கு அடியில் மெல்லிய செம்புத் தகடு ஒன்று இருக்கிறது. கை பக்கத்தில் வந்தாலே தகடு உணர்ந்துகொள்ளும், மௌஸ் விழிக்கும். கை விலகினால் எல்லாவற்றையும் அணைத்துவிட்டுத் தூங்கிவிடும், நகர்வைப் பார்க்க அடியில் இருக்கிற கண்ணைக்கூட மூடிக்கொள்ளும். பேட்டரி மிச்சமாகும். கேட்பதற்கு நன்றாக இருக்கிறது, இல்லையா? எனக்கு வருகிற புகார் மொத்தமும் இரண்டே ரகம். ஒன்று, தூங்கவே மாட்டேன் என்கிறது. இன்னொன்று, எழுந்திருக்கவே மாட்டேன் என்கிறது. தகட்டின் கூர்மையைக் கூட்டினால் முதல் புகார் வரும், குறைத்தால் இரண்டாவது வரும்.

அந்தக் கூர்மையைக் கூட்டிக் குறைக்கிறவர் கணேசன். இந்தத் தகட்டுக்காகவே ஒப்பந்தத்தில் எடுக்கப்பட்ட இன்ஜினியர், எப்போதும் நகம் கடித்துக்கொண்டிருப்பார். எங்கள் இருவருக்கும் பாஸ் லிம். மின்சார மிச்சம் அவருக்கு ஒரு மதம். ஜன்னல் இல்லாத எங்கள் மீட்டிங் அறையில் ஆள் அசைந்தால்தான் விளக்கு எரியும், அசையாவிட்டால் அணைந்துவிடும். அணைவதற்கான நேரத்தையும் இருப்பதிலேயே குறைவாக வைத்திருக்கிறார். அவரைக் கிண்டல் செய்ய எனக்கு யோக்கியதை இல்லை. வீட்டில் நானும் அப்படித்தான், போகிற வழியில் எல்லாம் சுவிட்சை அணைத்துக்கொண்டே போவேன். சிங்கப்பூர் வேலை முடிந்து பாலத்து நெரிசலில் நசுங்கி வந்து, ஹாலில் பேச்சுமூச்சில்லாமல் உட்கார்ந்திருக்கும் என் வீட்டுக்காரர் தலைக்கு மேலேயே விளக்கையும் காற்றாடியையும் அணைத்திருக்கிறேன்.

அந்த வருஷம் லிம் எங்களைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். மௌஸை வாங்கி விற்கும் வெளிநாட்டு கம்பெனியிலிருந்து ஆள் வருகிறார். பேட்டரிப் புகார் குறையாவிட்டால் தகட்டைப் பிடுங்கிவிட்டுப் பழையபடி பட்டனை அமுக்கினால் எழும் மௌஸையே செய்யச் சொல்வார்கள். தகடு போனால் கணேசனும் போவார். லிம் பேசுவது ஆங்கிலமும் மலாயும் கலந்த அவியல், உங்களுக்காகத் தமிழில் தருகிறேன்: "மௌஸ் தூங்கணும், இல்ல நீங்க ரெண்டு பேரும் வீட்டுல தூங்கணும். பார்த்துக்குங்க லா."

தூங்காத கடை

கெலாங் பாத்தாவில் ஹமீது பாய் சாப்பாட்டுக்கடை வைத்திருக்கிறார். பூர்வீகம் தமிழ்நாட்டுக் கடற்கரை ஊர், பேச்சில் இன்னும் உப்புக் காற்று அடிக்கும். கல்லாவில் கம்ப்யூட்டர், அதற்கு எங்கள் மௌஸ். வாங்கி வைத்த வேகத்தில் பேட்டரி காலி. திருப்பி அனுப்பிய மௌஸில் ஒரு குறையும் இல்லை. நேரில் போய்ப் பார்த்தால்தான் தெரியும் என்று, பசியாறுகிற சாக்கில் நானே போனேன்.

பாய் மௌஸை ஒட்டி ஒரு கிளாஸ் தே தாரேக், நம்ம ஆற்றிய பால் டீதான், வைத்திருந்தார். அது தீர்ந்தால் அடுத்த கிளாஸ் அதே இடத்துக்கு வந்துவிடும். கிளாஸ் நிறையத் திரவம், சூடாக, மௌஸின் விலாவில் இடித்துக்கொண்டு. எங்கள் தகடு அதை ஒரு கை என்று நினைத்து ராப்பகலாக விழித்திருந்தது. "பாய், கிளாஸைக் கொஞ்சம் தள்ளி வைங்க, மௌஸ் தூங்கிரும்" என்றேன். அவர் ரொட்டி சானாய்த் தட்டை என் பக்கம் நகர்த்திவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "தங்கச்சி, இந்தக் கடையில நான் தூங்குறதில்ல, அடுப்பு தூங்குறதில்ல, ரொட்டி போடுறவன் தூங்குறதில்ல. உங்க மௌஸுக்கு மட்டும் என்ன தூக்கம்?"

செடெனாக்கிலிருந்து ஒரு போன்

காமினியை எனக்கு முதலில் குரலாகத்தான் தெரியும். செடெனாக்கில் எண்ணெய்க்கான செம்பனைக் குலை ஏற்றும் லோரி கம்பெனி ஒன்றில் பில் போடுகிறவள், என்னைவிடப் பத்து வயதாவது சின்னவள். "மிஸ், உங்க மௌஸ் என்னைப் பார்த்தா எழுந்திருக்க மாட்டேங்குது. மத்தவங்களுக்கு எழுந்திருக்குது. இது என்ன நியாயம்?" என்று ஆரம்பித்தாள். வழக்கம்போல, கையை நன்றாக வையுங்கள், துடைத்துவிட்டு வையுங்கள் என்று கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பித்தேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நல்லா வெக்கிற கை இல்ல மிஸ் என்னோடது" என்றாள்.

தசைகள் கொஞ்சம் கொஞ்சமாக வலுவிழந்துகொண்டே வருகிற நோய். இரண்டு கையிலும் விரலுக்குப் பலம் கிடையாது. தோளிலிருந்து கையை நகர்த்த முடியும், எதையும் அமுக்க முடியாது. அம்புக்குறியை ஓர் எழுத்தின் மேல் கொண்டுபோய் நிறுத்தினால் கம்ப்யூட்டர் தானாக அதை எடுத்துக்கொள்ளும்படி வைத்திருந்தாள். முழு பில்லையும் அப்படியே போட்டுவிடுவாள். பழைய மௌஸ் தூங்கிவிட்டால் மட்டும் வம்பு. பட்டனை அமுக்கினால்தான் எழும். மலாயில் 'தோலோங்', உதவி, என்று பக்கத்து மேசை ஐடாவைக் கூப்பிடுவாள். ஐடா நல்ல பெண், எழுந்து வந்து அமுக்கிவிட்டுப் போவாள். ஒரு நாளில் எத்தனை தடவை என்று அவர்கள் எண்ணுவதை விட்டுவிட்டார்கள்.

கை வந்தாலே விழிக்கும் மௌஸ் என்று விளம்பரம் பார்த்து, முதலாளியிடம் சண்டை போட்டு வாங்க வைத்திருக்கிறாள். வந்த பிறகு பார்த்தால், மணிக்கட்டில் அவள் போட்டிருக்கும் பட்டை உள்ளங்கையைத் தூக்கிப் பிடிக்கிறது. கை மௌஸின் மேல் படியாமல் மிதக்கிறது. எங்கள் தகடு பாதி நேரம் அதைக் கையாகவே மதிப்பதில்லை. "சரிம்மா, எங்களால என்ன செய்ய முடியும்னு பார்க்குறேன்" என்று போனை வைக்கப் போனேன். "பெருசா ஒண்ணும் வேணாம் மிஸ். 'ஐடா, தோலோங்'னு ஒரு தடவகூட கூப்பிடாம ஒரு நாள், ஒரே ஒரு நாள், நான் வேலை செஞ்சு பார்க்கணும்."

கையுறைக்காரர்

அதே வாரத்தில் பாசிர் கூடாங். துறைமுகத்துக் கொள்கலன் பிரிவில் மேற்பார்வையாளர் ஒருவர், பெயர் மாணிக்கம், ஆள் அலமாரி மாதிரி இருப்பார். வெளியே கொள்கலனைப் பார்க்க வேண்டியது, உள்ளே ஓடி வந்து கம்ப்யூட்டரில் பதிய வேண்டியது, மறுபடி வெளியே. தடித்த கையுறையோடுதான் எல்லாம். மௌஸுக்கு அந்தக் கை தெரியவில்லை. தெரிய வைப்பதற்காக மேசையில் ஓங்கி ஓங்கித் தட்டி, மௌஸின் ஒரு பக்கம் பெயர்ந்தே போயிருந்தது. கையுறையைக் கழற்றிவிட்டுத் தொடுங்களேன் என்று பணிவாகத்தான் சொன்னேன். "கழட்டுனா சேஃப்டி ஆபீசர் கத்துறாரு, போட்டா உங்க மௌஸ் கண்டுக்க மாட்டேங்குது. நான் யாருக்குத்தான் நல்லவனா இருக்குறது, சொல்லுங்க."

பூனை சொன்னால் கேட்காது

காமினியையும் மாணிக்கத்தையும் மனதில் வைத்துக் கணேசன் கூர்மையைக் கூட்டினார். புது மென்பொருள் எல்லா மௌஸுக்கும் போனது. அவ்வளவுதான், தூங்காத மௌஸ்களின் ஊர்வலம் ஆரம்பித்துவிட்டது. இரும்பு மேசை, ஈரத் துணி, பக்கத்தில் வைத்த பழம், எல்லாமே அதற்குக் கை. கூலாயில் ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் வீட்டில் டியூஷன் எடுக்கிறார். அவருடைய மௌஸை ஒட்டிப் பூனை படுத்துக்கொள்ளும். பூனையின் வயிறு மௌஸுக்குக் கை. தொலைபேசியில் விஷயத்தை விளக்கி, பூனையைக் கொஞ்சம் தள்ளிப் படுக்க வையுங்கள் டீச்சர் என்றேன். அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு. "நாப்பது புள்ளைங்கள ஒரே அதட்டுல உக்கார வெச்சவ நான். இந்தப் பூனைகிட்ட மட்டும் ஒண்ணும் நடக்கல, வேணும்னா நீங்க வந்து பேசிப் பாருங்க."

சந்தனப் பொட்டு

லிம் கூர்மையைப் பழையபடி குறைக்கச் சொன்னார். குறைத்தால் காமினி இல்லை. கூட்டினால் பேட்டரி இல்லை. கணேசனின் நகங்கள் தேய்ந்துகொண்டே வந்தன. இதற்கு நடுவே ஆயுத பூஜை வந்தது. எங்கள் பரிசோதனை அறையில் இருக்கிற தமிழர்கள் சேர்ந்து வருஷா வருஷம் சின்னதாகச் செய்வோம். ஸ்க்ரூடிரைவர், ஓசிலோஸ்கோப், பசை உருக்கும் துப்பாக்கி, எல்லாவற்றுக்கும் பொட்டு. பேட்டரி எவ்வளவு தாங்குகிறது என்று பார்க்க அலமாரி நிறைய மௌஸ்களைத் தூங்க வைத்திருந்தோம், அவற்றை மட்டும் விடுவதா? பக்தி முற்றிய கணேசன், பன்னீர் விட்டுக் குழைத்த சந்தனத்தை ஒவ்வொன்றின் முதுகிலும் தாராளமாக அப்பிக் குங்குமம் வைத்துவிட்டார். இந்த முறையாவது காப்பாத்து தாயே என்று வாய்விட்டே வேண்டிக்கொண்டார், பாவம்.

மறுநாள் வந்து பார்த்தால் அலமாரி முழுக்க மௌஸ்கள் முழித்துக்கொண்டிருந்தன. ஈரச் சந்தனம் தகட்டுக்கு நேர் மேலே. எல்லா மௌஸுக்கும் யாரோ கை வைத்திருப்பதாகவே நினைப்பு. வாரக்கணக்கில் ஓடிக்கொண்டிருந்த பரிசோதனை பாழ். நான் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன், கணேசன் முகத்தில் ஈ ஆடவில்லை. லிம் வந்தார். ஒவ்வொரு மௌஸாகக் குனிந்து பார்த்தார். கத்துவார் என்று காத்திருந்தோம். "கணேசன், அடுத்த வருஷம் உங்க சாமிகிட்ட நான் சொன்னேன்னு சொல்லுங்க. பொட்டு பட்டன் மேல வெச்சாப் போதும், முதுகுல வேணாம்."

சும்மா இருக்காத கை

சந்தனத்தைத் துடைப்பதற்கு முன்னால், பாழானது பாழாகிவிட்டது, தகடு என்னதான் பார்க்கிறது என்று பார்ப்போமே என்று ஒரு மௌஸை மடிக்கணினியோடு இணைத்தோம். தகடு உணர்வது திரையில் ஒரு கோடாக ஓடும். சந்தனம் இருந்த மௌஸின் கோடு உயரத்தில் ஏறி, அப்படியே ஆடாமல் அசையாமல் நேராகப் போனது. துடைத்துவிட்டு நான் கை வைத்தேன். கோடு அதே உயரத்துக்குத்தான் ஏறியது, ஆனால் மேலும் கீழும் நடுங்கிக்கொண்டே இருந்தது. நான் சும்மாதான் வைத்திருந்தேன். கணேசன் நகத்தை வாயிலிருந்து எடுத்தார். "வாணி, பொருள் ஆடாது, கை ஆடும்" என்றார். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. கிளாஸ், பழம், சந்தனம், இரும்பு மேசை, எதுவும் ஆடாது. ஆடாமல் கிடப்பதைக் கணக்கிலிருந்து கழித்துவிட்டால், கூர்மையை எவ்வளவு வேண்டுமானாலும் கூட்டலாம்.

அப்படியே செய்தார். அறையில் போட்டி வைத்தோம், யார் கையை அசையாமல் வைத்து மௌஸைத் தூங்க வைப்பது என்று. ஒருவராலும் முடியவில்லை. எங்கள் டெக்னீஷியன் ஹஸ்லினா மூச்சைப் பிடித்து, கண்ணை மூடி, பல்லைக் கடித்து, கடைசியில் சிரித்துக் கெடுத்துக்கொண்டாள். பேட்டரி கணக்கு லிம் எதிர்பார்த்ததைவிட நன்றாக வந்தது. கூலாய்ப் பூனைதான் இன்னும் அடங்கவில்லை, ஒரு பூனையோடு வாழலாம் என்று விட்டுவிட்டோம். ஹஸ்லினாவுக்குத் தோற்றதில்கூட ஒரு பெருமை. "அலமாக், ஒரு நிமிஷம் சும்மா இருக்கத் தெரியாதவன்னு எங்கம்மா சொல்லிச் சொல்லித் திட்டுவாங்க. இப்ப கம்பெனியே அத நம்பித்தான் ஓடுது."

கையும் சந்தனமும்

புது மென்பொருள் ஏற்றிய மௌஸ் ஒன்றை முதல் ஆளாகக் காமினிக்கு அனுப்பினேன். அனுப்பும்போதே போனில் சந்தனக் கதையையும் சொன்னேன். இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். கை கிட்டே வந்ததுமே விழிக்கிறது மிஸ், பட்டை போட்டிருந்தாலும் தெரிகிறது என்று அவள் சொன்னபோது எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. கணேசனுக்கு வடை வாங்கிக் கொடுத்தேன்.

ரெண்டு நாளில் மறுபடி அவள் குரல். இந்தத் தடவை கிண்டல் இல்லை. மௌஸ் விழிக்கிறது. ஆனால் பில்லைப் படித்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தால், அவள் கைக்கு அடியிலேயே தூங்கிவிடுகிறது. கண்ணையும் மூடிக்கொள்வதால் நகர்த்தினாலும் எழுவதில்லை. கையை மொத்தமாகத் தூக்கி எடுத்துத் திரும்ப வைக்க வேண்டும். அப்படித் தூக்குவதற்குள் அவளுக்குத் தோள் போய்விடுகிறது. மறுபடி ஐடா. எனக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. நம் விரல்கள் நாம் சொல்லாமலே துறுதுறுவென்று இருக்கும். அவள் விரல்கள் அப்படி இல்லை. வைத்த இடத்தில் வைத்தபடி இருக்கும். ஆடாமல் கிடப்பதைக் கழித்துவிடு என்று நாங்கள்தான் மௌஸுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தோம். அவளுக்கு அதை எப்படிச் சொல்வது என்று நான் மென்று விழுங்கிக்கொண்டிருந்தேன். அவளே கண்டுபிடித்துவிட்டாள். "அப்போ உங்க மௌஸுக்கு என் கையும் அந்தச் சந்தனமும் ஒண்ணுதானா மிஸ்?"

செடெனாக்கில் ஒரு சனிக்கிழமை

வெளிநாட்டு ஆள் வருவதற்கு ஒரு வாரம்கூட இல்லை. பேட்டரி கணக்கு ஜம்மென்று இருக்கிறது, யாரும் எதையும் தொடக்கூடாது என்று லிம் உத்தரவு. கணேசனிடம் காமினி கேட்டதை அப்படியே சொன்னேன். அவர் எரிந்து விழுந்தார். "இப்போ கை வெச்சா எல்லாம் கெடும் வாணி. என் வேலை போனா உங்க காமினியா வந்து என் வீட்டு வாடகை கட்டுவாங்க?" என்றார். நியாயம்தான். என் மேசைக்குத் திரும்பி வந்துவிட்டேன். சனிக்கிழமை காலையில் என் வீட்டு வாசலில் கார் ஹாரன். கணேசன், பின் இருக்கையில் மடிக்கணினி. செடெனாக் வரைக்கும் இரண்டு பக்கமும் செம்பனையைப் பார்த்துக்கொண்டே ஓட்டினார்.

காமினி நான் நினைத்ததைவிட ஒல்லி, நெற்றியில் பெரிய பொட்டு, வாய் போனில் கேட்ட அதே வாய். ஐடா எங்களுக்கு மைலோ கலக்கிக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் வந்து நின்றுகொண்டாள். காமினியின் கையை மௌஸின் மேல் வைக்கச் சொல்லி, கோட்டை ஓட விட்டோம். கோடு ஏறியது, நேராகப் போனது. சந்தனம் போலவேதான். கணேசன் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் திரையிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டேன். எனக்கு அங்கே இருக்கவே பிடிக்கவில்லை.

கணேசன், "இத கொஞ்சம் பெருசாக்கிப் பார்ப்போம்" என்றார். பெரிதாக்கினார். நேர்க்கோடு என்று நினைத்தது நேர்க்கோடு இல்லை. மெதுவாக ஏறி, மெதுவாக இறங்கி, மறுபடி ஏறியது. எதனால் என்று யாருக்கும் புரியவில்லை. காமினி கையை அசைக்கவில்லை, மேசையும் ஆடவில்லை. ஐடாதான் முதலில் கவனித்தாள், திரையையும் காமினியின் நெஞ்சையும் மாறி மாறிக் காட்டினாள். மூச்சு. அவள் மூச்சு இழுத்தால் தோள் துளி உயர்கிறது, கை துளி நகர்கிறது, கோடு ஏறுகிறது. எங்கள் கண்ணுக்குத் தெரியாதது தகட்டுக்குத் தெரிந்திருக்கிறது, நாங்கள்தான் அதை அற்பம் என்று தள்ளச் சொல்லியிருந்தோம். கணேசன் மூக்கைத் துடைத்துக்கொண்டார். காமினி அந்த ஏற்ற இறக்கத்தை ரொம்ப நேரம் பார்த்தாள், வேண்டுமென்றே ஒரு பெரிய மூச்சு விட்டுப் பார்த்தாள், கோடும் பெரிதாக ஏறி இறங்கியது. "மூச்சு விட்டாப் போதும்னா சொல்லுங்க மிஸ், எனக்கு அது நல்லாவே பழக்கம்."

விளக்கு அணைந்தபோது

மூச்சையும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும் என்றால் மௌஸ் கொஞ்சம் கூடுதல் நேரம் விழித்திருக்க வேண்டும், பேட்டரி கணக்கு கொஞ்சம் இறங்கும். கணேசன் அப்படியே செய்து, புதுக் கணக்கை லிம்மிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். உத்தரவை மீறியதற்கு வாங்கிக் கட்டிக்கொள்ள நானும் கூடவே போனேன். லிம் படித்தார், எங்கள் இருவரையும் பார்த்தார், போகச் சொன்னார். அதற்கு என்ன அர்த்தம் என்று எங்களுக்குத் தெரியவில்லை.

வெளிநாட்டு ஆள் வந்தார். நல்ல மனிதர்தான், கணக்கில் கெட்டி. மீட்டிங் அறையில் நாங்கள் நாலு பேர். திரையில் இரண்டு கணக்கு, மூச்சைக் கேட்காத மௌஸுடையது, கேட்கிற மௌஸுடையது. கேட்காததுதான் அதிக நாள் ஓடியது. "அசையாத கைக்காக எதுக்கு பேட்டரிய வீணாக்கணும்? வேலை செய்யாத கை, இருந்தா என்ன, இல்லாட்டி என்ன?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை, கணக்காகத்தான் கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. காமினியைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் அவர் திரைப் பக்கம் திரும்பிவிட்டார். அந்த மனிதர் இரண்டு கணக்கையும் பார்த்து யோசிக்க ஆரம்பித்தார். நாங்கள் அவர் முகத்தைப் பார்த்தபடி உறைந்து போயிருந்தோம். ஒருத்தர்கூட அசையவில்லை.

பட்டென்று விளக்கு அணைந்தது, லிம்முடைய கஞ்ச விளக்கு. திரை வெளிச்சம் மட்டும் மிச்சம். விருந்தாளி திடுக்கிட்டு, அனிச்சையாக இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி ஆட்டினார். விளக்கு வந்தது. தூக்கிய கையோடு அவர் உட்கார்ந்திருக்க, லிம் தன் நாற்காலியில் துளியும் அசையாமல், அவரையே பார்த்துக்கொண்டு சொன்னார். "சார், வெளிச்சம் இல்லாதப்பவும் நாம இங்கதானே இருந்தோம்?"

கோபித்துக்கொண்ட ஐடா

தகடு தப்பியது, மூச்சைக் கேட்கிற மௌஸையே செய்வது என்று முடிவானது. கணேசனின் ஒப்பந்தம் நீட்டிக்கப்பட்டது, நகமும் வளர ஆரம்பித்திருக்கிறது. மாணிக்கத்தின் கையுறைக்குள்ளிருந்தும் மௌஸ் விழிக்கிறது, ஆனாலும் பழக்க தோஷத்தில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுத்தான் வேலையைத் தொடங்குகிறாராம். ஹமீது பாய்க்கு மௌஸ் இப்போது நன்றாகத் தூங்குகிறது, அதில் அவருக்குச் சின்ன வருத்தம்.

காமினியின் போனுக்குத்தான் நான் காத்திருந்தேன். புதுப் பெட்டி போய்ச் சேர்ந்த அன்று வரவில்லை. மறுநாளும் காணோம். ஏதோ சரியில்லை, மறுபடி தூங்கிவிட்டது, இந்தத் தடவை சொல்லக்கூட அலுத்துவிட்டது அவளுக்கு என்று நானாகவே முடிவு கட்டிச் சாப்பாடு இறங்காமல் இருந்தேன். மூன்றாம் நாள் சாயங்காலம், ஆபீஸ் விடுகிற நேரத்தில் கூப்பிட்டாள். என்னம்மா ஆச்சு, மௌஸ் தூங்கிருச்சா என்று பதறினேன். அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு, பின்னால் ஐடா மலாயில் என்னவோ புலம்புவது கேட்டது. "மௌஸ் நல்லா இருக்கு அக்கா. ஐடாதான் மூஞ்சிய தூக்கி வெச்சிருக்கா, காலையிலேர்ந்து நான் அவள ஒரு தடவகூட கூப்பிடலையாம்."

மிஸ் என்று கூப்பிட்டவள் அக்கா என்றதைக்கூட வீட்டுக்கு வந்த பிறகுதான் கவனித்தேன், அப்போது ஹாலில் அசையாமல் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரரின் தலைக்கு மேலே சுவிட்சுக்குப் போன கையை நிறுத்தி, எங்கள் கல்யாண வாழ்க்கையிலேயே முதல் தடவையாக, "இருக்கீங்களா?" என்று கேட்டேன்.